கண்ணகி நகரை வேடிக்கை பார்ப்பவர்கள்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா சென்னை திரும்பியபோது ஊடகங்கள் அவரை மொய்த்துக்கொண்டன. தமிழ்நாடு முழுவதும் அவரைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே அழைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நாட்களில் வந்த தலைப்புகளையும் சமூக வலைதளப் பதிவுகளையும் கொஞ்சம் நிதானமாகப் படித்தால், பாராட்டுக்குள் ஒரு வியப்பு ஒளிந்துகொண்டிருப்பது தெரியும். "அந்த ஏரியாவுல இருந்தா?" என்கிற வியப்பு.

சேற்றில் முளைத்த செந்தாமரை. நம் ஊடகங்கள் தேயத் தேயப் பயன்படுத்திவிட்ட உவமை இது. செந்தாமரையைப் புகழ்வதுபோல் தோன்றும். உண்மையில் அது செய்யும் வேலை, சேற்றைச் சேறு என்று இன்னொரு முறை உறுதி செய்வது. ஒரு பெண் பன்னாட்டுப் போட்டிக்குப் போகிறார் என்றால் அவருக்குப் பின்னால் ஒரு பயிற்சியாளர் இருக்கிறார், கூடவே விழுந்து எழுந்து ஆடிய பத்துப் பதினைந்து பெண்கள் இருக்கிறார்கள், மாலை நேரத்தில் மகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டு வேலையைத் தானே பார்த்துக்கொண்ட ஒரு தாய் இருக்கிறார். இத்தனையும் அந்த ஏரியாவுக்குள்தான் இருந்தது. கார்த்திகாவை உருவாக்கிய ஊர் அது. ஆனால் அந்த ஊரிலிருந்து தப்பித்து வந்தவராகத்தான் அவரைக் காட்டத் தெரிகிறது நமக்கு.

கண்ணகி நகர் எப்படி வந்தது என்பதை இளைய தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1970-இல் அமைக்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், தொடக்க ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகளைக் கட்டிக்கொடுத்தது. 2000-க்குப் பிறகு போக்கு மாறிவிட்டது. நகரத்துக்குள் இருக்கும் நிலத்தின் விலை ஏற ஏற, அந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். கூவம் கரை, அடையாற்றுக் கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை, ரயில் பாதை ஓரம் என்று பல இடங்களிலிருந்து பிடுங்கப்பட்ட குடும்பங்கள் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுபோய் நடப்பட்டன. அதுதான் கண்ணகி நகர். இன்று 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டப்பட்ட வீடுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 சதுர அடிதான். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எழில் நகரும் பெரும்பாக்கமும் வேகமாக நிரம்பின. ஆற்றங்கரையில் வாழ்ந்தால் வெள்ள ஆபத்து என்று சொல்லி அகற்றிய அரசு, அவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் குடியேற்றியது. அதே சதுப்பு நிலத்தில் எழுந்த ஐ.டி. வளாகங்களை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை என்பது தனிக் கதை.

வாரியத்தின் பெயர் 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றப்பட்டது. 'குடிசை' போய்விட்டது. அங்கே வாழ்பவர்கள் மீது ஒட்டிய முத்திரை போகவில்லை. வேலைக்கான விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று எழுதத் தயங்குகிறோம், வங்கியில் முகவரியைப் பார்த்ததுமே முகம் மாறுகிறது, உணவு கொண்டுவரும் செயலிகள்கூட உள்ளே வர மறுக்கின்றன என்று அந்தப் பகுதி இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குக் கண்ணகியின் பெயரை வைத்துவிட்டு, அந்த ஊர்ப் பெயரைச் சொல்லவே கூச வேண்டிய நிலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம்.

இந்த மக்களைப் பற்றி நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. "இவங்களுக்கெல்லாம் கான்கிரீட் வீடு கட்டிக் குடுத்தாலும் அதை வாடகைக்கு விட்டுட்டு மறுபடியும் குடிசைக்கே ஓடிடுவாங்க. திருந்தவே மாட்டாங்க." இதைச் சொல்பவர்களில் பலர் நல்லவர்கள். சிலர் முற்போக்காளர்களும்கூட. அவர்கள் சொல்லும் தகவல் பொய் என்றும் சொல்ல முடியாது. ஒதுக்கப்பட்ட வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ பழைய இடத்துக்கு அருகிலேயே திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏன் போனார்கள்?

மந்தைவெளியில் மூன்று வீடுகளில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தனிப்பட்ட யாரையும் குறிப்பிடவில்லை. சென்னையில் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். எட்டு மணிக்கு இரண்டாவது வீடு. பத்தரைக்கு மூன்றாவது. கால்வாய்க் கரையில் இருந்தவரை ஐந்தேமுக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும். முதல் வீட்டு வேலை முடிந்ததும் ஓடிவந்து பிள்ளைகளுக்குச் சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவது வீட்டுக்குப் போய்விடலாம். இப்போது அவரைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்புகிறோம். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே, நான்கரை மணிக்கெல்லாம் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும். பிள்ளைகளை யார் எழுப்புவது? யார் பள்ளிக்கு அனுப்புவது? முதல் வீட்டுக்கு அரை மணி நேரம் தாமதமானால் இரண்டாவது வீடும் தாமதம். ஒரு வாரம் பொறுப்பார்கள், பிறகு "வேற ஆள் பாத்துக்கறோம்மா" என்று சொல்லிவிடுவார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அது மிகப் பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் அரசால் டிக்கெட் காசைத்தான் திருப்பித் தர முடிந்தது. மூன்று மணி நேரத்தைத் திருப்பித் தர முடியவில்லை.

இன்னும் இருக்கிறது. பழைய இடத்தில் அண்ணாச்சி கடையில் கணக்கு வைத்துப் பொருள் வாங்க முடியும். அவர் முகம் பார்த்துக் கொடுப்பார். பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்திய சீட்டு இருந்தது. காய்ச்சல் என்றால் குழந்தையை விட்டுவிட்டுப் போகப் பக்கத்து வீட்டுப் பாட்டி இருந்தார். வேலை செய்யும் வீட்டில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கிய முன்பணம் இன்னும் கழியவில்லை. இவை எதற்கும் பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. அதனால் அகற்றும்போது இவற்றுக்கு இழப்பீடும் கிடையாது. இத்தனையையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் மந்தைவெளியிலேயே ஒரு ஒற்றை அறையை வாடகைக்குப் பிடிக்கிறார். நம் வீட்டுக் கூடத்தில் அது 'திருந்தாத குணம்' ஆகிவிடுகிறது. ஒரு மென்பொருள் ஊழியர் அலுவலகம் தூரம் என்று சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஓ.எம்.ஆரில் வாடகைக்குக் குடிபோனால் அதற்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது பொதுத்தேர்வுக் காலம். எதிர்ப்புத் தெரிவித்து ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். அந்த நேரத்தில்கூட "மாற்று வீடு கொடுக்கிறார்களே, பிறகென்ன?" என்று கேட்டவர்கள் உண்டு. வீடு என்றால் நான்கு சுவர் என்று நினைப்பவர்களால்தான் அப்படிக் கேட்க முடியும். தங்கள் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஆண்டில் மேல்மாடியில் துளை போடும் சத்தத்துக்கே குடியிருப்போர் சங்கத்தில் புகார் எழுதுபவர்கள் இவர்கள்.

இதே கணக்கை இலவசங்கள் விஷயத்திலும் போட்டுப் பார்க்கலாம். 2006-இல் தொலைக்காட்சி, 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. 2018-இல் வந்த 'சர்கார்' படத்தில் இந்தப் பொருட்களைத் தீயில் தூக்கிப் போடும் காட்சி வைத்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கினார்கள். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக் கை காய்த்துப்போன ஒருவர் அந்தக் காட்சியை எழுதியிருக்க மாட்டார். மிக்சியும் கிரைண்டரும் நாளொன்றுக்கு ஒரு பெண்ணின் முதுகிலிருந்து எத்தனை நிமிடங்களை இறக்கி வைத்தன என்பதை அறிய ஒரு வீட்டுச் சமையலறையில் ஒரு காலைப்பொழுது நின்றால் போதும். ஆனால் 'சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்' என்ற முடிவு முன்கூட்டியே தயாராக இருக்கும்போது, நின்று பார்க்கும் தேவை யாருக்கும் வருவதில்லை.

பார்ப்பது என்பது அப்பாவித்தனமான செயல் அல்ல. அதற்கு நம் மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதி சாதியாக மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் கருவிகளால் அளந்தார். தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்காகக் காவல்துறையினருக்கு உடல் அளவியல் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அளக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்த ஏழு தொகுதிகளில் இல்லை. அளவு இருக்கிறது, ஆள் இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் 1871-இல் வந்தது, சென்னை மாகாணத்துக்கு 1911-இல் வந்தது. பிறந்த குழந்தையின் நெற்றியிலேயே 'குற்றவாளி' என்று எழுதிய சட்டம் அது. 1952 ஆகஸ்ட் 31-இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. சட்டம்தான் நீக்கப்பட்டது. ஒரு திருட்டு நடந்தால் காவல் நிலையத்து வண்டி முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதைக் கண்ணகி நகரிலும் வியாசர்பாடியிலும் கேட்டுப் பாருங்கள், குறவர் குடியிருப்புகளில் கேட்டுப் பாருங்கள்.

அம்பேத்கர் இந்த அளவுகளை என்ன செய்தார் தெரியுமா? 'தீண்டப்படாதவர்கள் யார்' என்ற ஆய்வை 1948-இல் எழுதியபோது, இதே மூக்களவுப் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பார்ப்பனர்களும் தீண்டப்படாதவர்களும் வேறு வேறு இனத்தவர் என்ற வாதத்தையே உடைத்துப் போட்டார். பார்க்கப்பட்டவர்களின் தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து, பார்த்தவர்களின் நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கித் திருத்தியதைப் போன்றது அது. பரேலில் ஒற்றை அறைத் தொழிலாளர் குடியிருப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்து, இரவில் விளக்கடியில் படித்தவர் அவர். அன்று யாராவது அந்தக் குடியிருப்பைக் கடந்து போயிருந்தால், 'இந்த இடத்தில் என்ன படிப்பு இருக்கப் போகிறது' என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அடையாளங்களைத் தாண்டி மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும், "அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், சாதி எல்லாம் எதுக்கு, எல்லோரும் மனிதர்கள்தானே" என்று ஒரு கூட்டம் ஓடிவரும். அவர்களோடு நமக்கு எந்த உடன்பாடும் இல்லை. சாதியைப் பேசாமல் 'ஏழை' என்று மட்டும் பேசுவதே ஒரு மறைப்பு வேலைதான். மலக்குழியில் இறங்கிச் செத்துப்போனவரைப் 'கூலித் தொழிலாளி' என்று செய்தி எழுதுகிறார்கள். எத்தனையோ சாதிகளில் ஏழைகள் இருக்க, மலக்குழிக்குள் இறங்கும் ஏழை மட்டும் ஏன் ஒரே திசையிலிருந்து வருகிறார் என்ற கேள்வியை அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது. வர்க்கம் என்ற முத்திரை இப்படிச் சாதியை மூடுகிறது. அதை உரித்துக்காட்டுவது நம் வேலை.

அதோடு, பெயரை யார் வைத்தது என்பதும் முக்கியம். அயோத்திதாசர் காலத்திலிருந்து தங்களுக்கான பெயரைத் தாங்களே தேர்ந்துகொள்ளப் போராடியவர்கள் நாம். 'பறையர்', 'பஞ்சமர்' என்று அரசுப் பதிவேடுகள் எழுதிவந்ததை மாற்றி 'ஆதிதிராவிடர்' என்று எழுத வேண்டும் என்ற கோரிக்கையை எம்.சி. ராஜா போன்றவர்கள் முன்வைத்து, 1922-இல் அரசாணை பெற்றார்கள். 'ஹரிஜன்' என்ற சொல்லைச் சட்டத்தில் ஏற்றியதை எதிர்த்து 1938-இல் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கர் தன் கட்சியினரோடு வெளிநடப்புச் செய்தார். அன்பாக வைக்கப்பட்ட பெயர்தானே என்று அப்போதும் பலருக்குப் புரியவில்லை. அடுத்தவர் வைத்த பெயர் அன்பாக இருந்தாலும் அது அடுத்தவர் வைத்ததுதான். தானே எடுத்துக்கொண்ட பெயரில் ஒரு அரசியல் இருக்கிறது. 'கண்ணகி நகர்' என்று ஒரு வங்கி அதிகாரி சொல்வதும் கார்த்திகா சொல்வதும் ஒரே சொல் அல்ல.

ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று எழுதிவைத்துப் போன கடிதத்தில், ஒரு மனிதனின் மதிப்பு அவனுடைய உடனடி அடையாளமாகச் சுருக்கப்படுவதைப் பற்றித்தான் எழுதினார். நட்சத்திரங்களையும் அறிவியலையும் நேசித்த இளைஞர் அவர். அவர் இறந்த பிறகு இந்த நாடு என்ன செய்தது? அவர் தலித்தா இல்லையா என்று ஆராய ஆரம்பித்தது. ஒரு நபர் ஆணையம் இல்லை என்றது. 2024-இல் தெலங்கானா காவல்துறையும் வழக்கை முடிக்கும் அறிக்கையில் இல்லை என்றது, எதிர்ப்பு எழுந்ததும் மறுபடி விசாரிப்பதாகச் சொன்னது. அவரைச் சாகவிட்டது எது என்ற கேள்வியை விட்டுவிட்டு, அவருடைய தாயின் சாதிச் சான்றிதழைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதரைச் சான்றிதழாகப் பார்ப்பது என்றால் இதுதான்.

எதிரிகளை விட்டுவிடுவோம். நம் பக்கத்துக்கு வருவோம்.

நம்மிடமும் சொற்கள் இருக்கின்றன. விளிம்புநிலை, அடித்தட்டு, உதிரித் தொழிலாளர், லும்பன், குரலற்றவர்கள். அவசியமான சொற்கள் சில, அவசரச் சொற்கள் சில. 'குரலற்றவர்களின் குரல்' என்று ஒரு ஆவணப்படத்துக்குத் தலைப்பு வைப்பதற்கு முன் குழாயடியில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். குரலுக்கு அங்கே குறைவே கிடையாது. கேட்கும் காதுதான் குறைவு. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தங்கள் பணியைத் தனியார் நிறுவனத்திடம் கொடுப்பதால் ஊதியம் எப்படிக் குறையும், நிரந்தரப் பணி ஏன் தங்கள் உரிமை, நீதிமன்றத்தில் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்றெல்லாம் ஒவ்வொரு ஒலிவாங்கிக்கு முன்னாலும் தெளிவாகப் பேசினார்கள். நள்ளிரவில் கைது செய்து அகற்றினார்கள். அடுத்த நாள் அரசு நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் முதன்மையாகப் பேசப்பட்டது இலவசக் காலை உணவு.

காலை உணவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விடிகாலையில் வெறும் வயிற்றோடு தெருவைக் கூட்டுபவருக்கு அது தேவைதான். ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது வேறு. ஒரு தொழிலாளியாக, சட்டம் தெரிந்த ஒரு குடிமகளாக வந்து நின்று உரிமை கேட்டவரை, 'பாவம், பசிக்கும்' என்று பார்த்த கண்ணை என்ன சொல்வது? இரக்கமும் ஒரு முத்திரைதான். அது எதிரில் நிற்பவரின் வயிற்றை மட்டும் பார்க்கும், அவருடைய வாதத்தைக் கேட்காது.

'புள்ளிங்கோ' விஷயத்தில் நாம் நடந்துகொண்ட விதத்தையும் பேச வேண்டும். வடசென்னைப் பேச்சில் செல்லமாகப் புழங்கிய ஒரு சொல், 2018 வாக்கில் ஒரு கானா பாட்டின் வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கொஞ்ச நாளிலேயே அது வசைச்சொல்லாகிவிட்டது. முடிக்கு நிறம் ஏற்றிய, ஒட்டவெட்டிய, இறுக்கமான பேன்ட் போட்ட, பழைய டியோவில் மூன்று பேராகப் போகும் பையன் புள்ளிங்கோ. அதே நிறத்தை முடிக்கு ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் விலையுயர்ந்த பைக்கில் போகிறவன் 'ஸ்டைலிஷ்'. கேலிச் சித்திரங்களை உருவாக்கிப் பரப்பியவர்களில் மீம் பக்கம் நடத்தும் முற்போக்குத் தம்பிகளும் இருந்தார்கள். பள்ளிகளில் 'பாக்ஸ் கட்டிங்' வெட்டிய மாணவர்களை வாசலில் நிறுத்தினார்கள். பொதுச்சமூகம் தன்னைப் பார்க்கவே மறுக்கும் ஒரு நகரத்தில், 'என்னைப் பார்' என்று சொல்வதற்கு ஒரு பதினாறு வயதுப் பையனிடம் வேறு என்ன இருக்கிறது, தலைமுடியைத் தவிர? சுருட்டிவைத்த கோட்டும் சூட்டுமாக அம்பேத்கரைச் சுவரெங்கும் வரைந்து வைத்திருக்கும் நமக்கு, உடை ஒரு அரசியல் என்பது தெரியாதா என்ன?

அப்புறம் களப்பயணங்கள். கல்லூரி சமூகப்பணித் துறையிலிருந்து, கட்டடக்கலைக் கல்லூரியிலிருந்து, தொண்டு நிறுவனங்களிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாணவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கையில் வினாப்பட்டியல். வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, கணவர் குடிப்பாரா, மாத வருமானம் எவ்வளவு. முன்பின் தெரியாத இருபது வயதுப் பிள்ளை, ஐம்பது வயதுப் பெண்ணிடம், அவருடைய மருமகள் காதில் விழும்படி, கணவர் குடிப்பாரா என்று கேட்கிறது. "அக்கா, அப்படியே கதவுகிட்ட நில்லுங்க, ஒரு போட்டோ." அந்த அக்கா நிற்கிறார். ஒருவேளை குடிநீர் வரும், ஒருவேளை பட்டா வரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறார். படிவம் நிரம்புகிறது, மதிப்பெண் வருகிறது, குடிநீர் வருவதில்லை. போன வருடம் வந்தவர்கள் கேட்டதையே இந்த வருடம் வந்தவர்களும் கேட்கிறார்கள். போன வருட அறிக்கையை யாரும் திருப்பிக் கொண்டுவந்து காட்டவில்லை. அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் அப்பா குடிப்பாரா, உங்கள் அண்ணன் திருமணத்துக்கு எவ்வளவு நகை வாங்கினீர்கள் என்று கேட்டுப் படிவம் நிரப்பினால் ஒத்துழைப்பீர்களா?

கோபால் குரு 2002-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாட்டை உருவாக்குபவர்கள் ஒரு பக்கமும் வெறும் தரவைத் தருபவர்கள் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து கிடப்பதை, அதுவும் வர்ணாசிரமத்தின் மறுவடிவமே என்று சுட்டிக்காட்டினார். அனுபவம் சேரியிலிருந்து வர வேண்டும், விளக்கம் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். தன் வாழ்வைப் பற்றி அந்த மக்களுக்கே ஒரு விளக்கம் இருக்கும், அது நம் விளக்கத்தைவிடக் கூர்மையாக இருக்கலாம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. பாமா 1992-இல் 'கருக்கு' எழுதியபோது நம் இலக்கியவாதிகள் சிலர் அதை 'வாழ்க்கைப் பதிவு' என்று தனியே எடுத்து வைத்தார்கள். அதில் இருந்த சிந்தனையைப் பேசப் பல ஆண்டுகள் பிடித்தன.

பணிவு என்றால் தலையைக் குனிந்துகொண்டு எதையும் கேள்வி கேட்காமல் இருப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். குடியிருப்புகளுக்குள் பெண்கள் மீது வன்முறை இருக்கிறது. குடி இருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குள்ளேயே மேலே கீழே பார்க்கும் பார்வை இருக்கிறது. அருந்ததியர் தோழர்களைக் கேட்டால் வலிக்க வலிக்கச் சொல்வார்கள். இவற்றைப் பூசி மெழுகி, 'எவ்வளவு எளிமையா, எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க' என்று ரீல்ஸ் போடுவதும் அவமதிப்புதான். குறை நிறையோடு இருக்கும் உரிமை மனிதர்களுக்கு உண்டு. தெய்வமாகவோ பலியாகவோ மட்டும் இருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஒன்று மட்டும் சுலபமாகச் செய்யலாம். தமிழில் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஊரில், சாதி இந்து வீட்டுப் பத்து வயதுப் பையன் சேரியிலிருந்து வரும் எழுபது வயதுப் பெரியவரைப் பெயர் சொல்லி 'வாடா' என்று கூப்பிட்ட காலம் முழுசாகப் போய்விடவில்லை. நகரத்தில் அது உருமாறியிருக்கிறது. அடுக்ககத்தின் வாயிலில் நிற்கும் அறுபது வயதுக் காவலாளியை "வாட்ச்மேன், இங்க வா" என்று கூப்பிடும் குரலில், கூட்டுகிற அம்மாவை "ஏம்மா, நேத்து ஏன் வரல நீ" என்று கேட்கும் குரலில் அதே ஒருமை இருக்கிறது. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு இறங்கிவரும் தோழர், டீ கொண்டுவரும் பெரியவரிடம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று கவனியுங்கள். அவருடைய ஒரு மணி நேரப் பேச்சைவிட அது அதிகம் சொல்லிவிடும்.

கண்ணை மேலே திருப்புவதும் பணிவின் ஒரு பகுதிதான். நாம் ஆராய்வதெல்லாம் எப்போதும் கீழே இருப்பவர்களைத்தான். அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யை எடுத்துக்கொண்டு, 'தகுதி' என்ற சொல் எப்படித் தமிழ்ப் பார்ப்பனர்களின் சாதிச் சொத்தாக உருவாக்கப்பட்டது என்று 2019-இல் ஒரு நூலே எழுதினார். அப்படி எத்தனை நூல்கள் வந்திருக்கின்றன? ஓ.எம்.ஆர். சாலையின் ஒரு பக்கம் கண்ணகி நகர் இருக்கிறது, சாலையெங்கும் உயர்ந்த அடுக்ககங்கள் இருக்கின்றன. வீட்டு வேலை செய்பவர்களுக்கு அங்கே தனி மின்தூக்கி. அங்கே வினாப்பட்டியலோடு போகும் சமூகப்பணி மாணவர் யாராவது உண்டா? 'இக்குடியிருப்பில் சாதி மறுப்புத் திருமணங்கள் எத்தனை?', 'வீட்டு வேலை செய்பவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறீர்களா?', 'வாடகைக்கு விடும்போது சைவமா என்று கேட்பீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். காவலாளி உங்களை வாயிலிலேயே நிறுத்திவிடுவார். தங்களை யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அங்கே இருக்கிறது. கண்ணகி நகரில் கதவு திறந்தே கிடக்கிறது. 200 சதுர அடிக்குள் காற்று வர வேண்டுமென்றால் திறந்துதான் வைக்க வேண்டும்.

அந்த அடுக்ககங்களையும் ஐ.டி. அலுவலகங்களையும் கூட்டித் துடைப்பவர்களில் பலர் கண்ணகி நகர்ப் பெண்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது பொறியியல் முடிக்கிறார்கள், வணிகவியல் முடிக்கிறார்கள், அதே அலுவலகங்களில் கணினிக்கு முன்னால் உட்காரும் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பத்தில் முகவரி என்ற இடத்தில் சிலர் இன்னும் 'ஒக்கியம் துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கார்த்திகாவுக்கு வாழ்த்துப் பதிவு போட்ட நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகள், அடுத்த முறை 'கண்ணகி நகர்' என்று முழுதாக எழுதிவரும் விண்ணப்பத்தை எந்த அடுக்கில் வைக்கிறார்கள் என்று பார்ப்போம்.